பெயர் மாறிய கப்பலும் பாசல் உடன்படிக்கையும்

விற்பவன் பொருளைக் கொடுத்துப் பணம் பெறுகிறான். வாங்குபவன் பணம் கொடுத்துப் பொருளைப் பெறுகிறான். இதுவே வாணிகத்தின் பொதுமுறை. நச்சுக்கழிவு வாணிகத்திலோ பெரும்பாலும் இம்முறை தலைகீழாகிறது. பொருளைக் கொடுப்பவனே பணத்தையும் கொடுக்கிறான். பெறுபவனுக்கு வேண்டுவது பணமேயன்றிப் பொருளன்று. பணம் கைக்கு வந்தபின் பொருளை எங்கே கொட்டினாலும் அவனுக்கு இழப்பில்லை. இழப்பெல்லாம் கொட்டப்படும் ஊராருக்கே. இவ்வாணிகத்தை அரசுகள் ஏனைய வாணிகத்தைப் போல விட்டுவிட இயலாமைக்குக் காரணம் இதுவே.

தொழில்வளம் மிக்க நாடுகள் 1970ஆம் ஆண்டுகளில் தத்தம் மண்ணையும் நீரையும் காக்கச் சட்டங்கள் இயற்றின. அதனால் உள்நாட்டில் கழிவை அகற்றும் செலவு ஏறியது. செலவு ஏறவே, கழிவு கடல் கடக்கத் தொடங்கிற்று.

1986 ஆகஸ்டு 31ஆம் நாள் 'கியான் சீ' என்னும் கப்பல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பை எரிசாம்பலைச் சுமந்து புறப்பட்டது. அதன் சுமை ஏறத்தாழ 14,000 டன். பகாமா முதலிய நாடுகள் இடங்கொடுக்க மறுத்தன. 1988 தொடக்கத்தில் ஹைத்தி நாட்டின் கொனாயிவ் கடற்கரையில் அச்சாம்பல் 'உரம்' என்ற பெயரால் இறக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டு, மீண்டும் ஏற்றுக என அரசு ஆணையிடுவதற்குள் ஏறத்தாழ 4,000 டன் கரையில் கிடந்தது. அதனை விட்டுவிட்டுக் கப்பல் நழுவியது. பின்னர் 'பெலீசியா' என்றும் 'பெலிக்கானோ' என்றும் பெயர் மாற்றிக்கொண்டு, 1988 நவம்பரில் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்தை அடைந்தபோது அதன் வயிறு வெறுமையாக இருந்தது. எஞ்சிய சாம்பல் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களில் கொட்டப்பட்டது என்பது பிற்பாடு வெளியாயிற்று. 1993இல் நிறுவனத்தார் இருவர் பொய்ச்சான்று கூறிய குற்றத்திற்கு ஆளாயினர். ஹைத்தியில் கிடந்த சாம்பல் 2000ஆம் ஆண்டில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. 2002இல் அது புறப்பட்ட பென்சில்வேனியா மாநிலத்திலேயே புதைக்கப்பட்டது.

அதே 1988ஆம் ஆண்டில் நைஜீரியாவின் கோக்கோ என்னும் சிற்றூரில் இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நச்சுப் பீப்பாய்கள் கண்டறியப்பட்டன. அவற்றை வைத்திருந்த நிலத்திற்கு வாடகை மாதம் 100 டாலர் அளவே. நைஜீரிய அரசு கொதித்தெழுந்தது. இத்தாலி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சிகளால் உலகின் மனச்சான்று விழித்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத் தலைவராயிருந்த எகிப்தியர் முஸ்தபா தோல்பாவின் முயற்சியால் 1989 மார்ச்சு 22இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. 1992 மே 5இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி முன்னிசைவு. அனுப்பும் நாடு, பெறும் நாட்டிற்கும் இடைவழி நாட்டிற்கும் கழிவு இன்னதென எழுத்தில் அறிவித்தல் வேண்டும். எழுத்தில் இசைவு வராமுன் கப்பல் புறப்படலாகாது. புறப்பட்ட இடம் முதல் அழிக்கும் இடம் வரை ஆவணம் உடன்செல்லல் வேண்டும். ஒப்பந்தப்படி அழிக்க இயலாதெனின், அனுப்பிய நாடே திரும்ப ஏற்றல் வேண்டும்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. வறியவனின் இசைவு விலைக்கு வாங்கப்படுமாயின், அது இசைவாகுமா? இதனாலேயே ஆப்பிரிக்க நாடுகள் 1991இல் பமாக்கோ நகரில் தமக்கெனத் தனி உடன்படிக்கை செய்து இறக்குமதியை அடியோடு தடுத்தன. வளமிக்க நாடுகள் ஏனைய நாடுகளுக்கு நச்சுக்கழிவு அனுப்புவதைத் தடுக்கும் பாசல் திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் 5 வரை, 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவோ 1990இல் உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் அதனை உறுதி செய்யவில்லை.

மலேசியா 1993இலும் சிங்கப்பூர் 1996இலும் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தன. சிங்கப்பூரில் இதற்கென இயற்றிய சட்டம் 1998இல் நடைமுறைக்கு வந்தது. சோதனை வந்தது பின்னர்தான். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடுத்ததும், அவ்வெள்ளம் மலேசியாவின் பக்கம் திரும்பியது. பிற சரக்கெனப் பொய்ப்பெயரிட்டு வந்த கொள்கலன்களும் பிடிபட்டன. 2020 சனவரி வரை 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக மலேசிய அரசு அறிவித்தது. கலப்படமான பிளாஸ்டிக் கழிவுக்கும் முன்னிசைவு வேண்டும் என்னும் விதி 2021 சனவரி முதல் நடப்பில் உள்ளது.

ஹைத்தியில் 'உரம்', இங்கே 'பிற சரக்கு'. முப்பது ஆண்டுகள் கடந்தும் சூழ்ச்சி ஒன்றே. பொருளுக்கு உரிய பெயரை மறைப்பதே இதன் முதற்படி. ஆதலின் சட்டத்தின் முதற்படியும் பெயரைக் கேட்பதாகவே உள்ளது. பொருளையும் பெயரையும் பொருத்திக் காணும் பயிற்சியை மாணவர்க்கு முதலில் அளிப்பவர் மொழியாசிரியரே. அப்பயிற்சி பெற்ற கண்ணொன்று துறைமுகத்தில் விழித்திருந்தாலன்றி, பாசலில் எழுதிய எழுத்து ஏட்டளவிலேயே நின்றுவிடும்.