தொடக்கப்பள்ளியில் பொறியியல்: ஆசிரியர் பயிற்சி

கருவிகளைச் செய்யவும் பிரிக்கவும் பழுதுபார்க்கவும் கற்று, அந்த வேலையின் வழியே குழந்தைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆசிரியரைப் பழக்கும் முறை. அமெரிக்காவில் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடக்கப்பள்ளிகளுக்கென ஒரு பொறியியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்த வரலாறு உண்டு. பொறியியல் என்ற பெயர் மட்டும் அப்போது அதற்கு இல்லை.

1937 அக்டோபர் 22, 23 நாட்களில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் உருவெடுத்தது. பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன், ஐதராபாத்தில் பிறந்தவர். குழுவை நடத்திச் சென்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் இருந்தார். தமிழர் பங்கு இத்துறையில் இவ்வளவு தொடக்கத்திலேயே அமைந்தது நினைவில் வைக்கத் தக்கது.

அதே ஆண்டு டிசம்பரில் குழு அறிக்கை தந்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம் ஒதுக்கப்பட்டது. ஆசிரியருக்கு மூன்றாண்டு முழுப்பயிற்சி, அவசரத் தேவைக்கு ஓராண்டுக் குறும்பயிற்சி என இரண்டு வகுக்கப்பட்டன. தக்ளி என்னும் கைக்கதிரில் தொடங்கி ராட்டை, தறி வரை ஆசிரியர் தம் கையாலேயே பழக வேண்டும். ராட்டையில் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் கதிர் பலமுறை சுற்றும். எத்தனை முறை என்பது இரண்டின் விட்ட விகிதம். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் நம்பர். சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிறான மால் தளர்ந்தால் கதிர் வழுக்குவதைக் கண்டு சரிசெய்யும் ஆசிரியரிடம் குழந்தை உராய்வைக் கற்கும். அறியாதவரிடம் நூற்பை மட்டுமே கற்கும். திட்டம் குழந்தைகளை வேலைவாங்குகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

1938-இல் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாடு திட்டத்தை ஏற்றது. அதன்பின் திட்டத்தை நடத்த அமைந்த இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் வழி, சேவாகிராமத்தில் ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். தமிழ்நாட்டில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயமும் காந்திகிராமமும் இப்பணியைச் செய்தன. 1966-இல் கோத்தாரிக் கல்விக் குழு ‘பணி அனுபவம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. ராட்டை மெல்ல வகுப்பறையை விட்டு விலகியது.

மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் (1972-2002) ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கானது என்றாலும், செய்து கற்கும் இம்முறையைத் தொடர்ந்தது. மாதக் கூட்டங்களில் ஆசிரியர்கள் தங்கள் சோதனைகளை ஒருவருக்கொருவர் செய்துகாட்டினர். 1978-இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் இணைத்து முக்கோணம், கனசதுரம் கட்டும் வழியைக் கண்டார். தள்ளினால் சதுரம் சாயும், முக்கோணம் நிற்கும். பாலச் சட்டங்களின் அடிப்படை அது.

1986 கல்விக்கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன.  ஆனால் மாணவர் கருவிகள் செய்து பழகப் பள்ளிகளில் அரசு அமைக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள், தொடக்கப்பள்ளியைத் தாண்டி ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றன.