மண்குவளையும் மட்டையும்

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் டெஸ்ட் போட்டி, முதல் நாள். குமாரலிங்கபுரத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். அருப்புக்கோட்டையில் இரவுப் பேருந்து ஏறி, விடியும்போது கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி மாறி மைதானம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் படியேறி கேலரிக்குள் போய் அந்தப் பச்சையைப் பார்த்ததும் யாரும் பேசவில்லை. கரிசலில் வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்ப்பது பழக்கமில்லை. நாங்கள் விளையாடுவது வற்றிப்போன கண்மாயில், சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்தில். பந்து புதருக்குள் போனால் முள் குத்தாமல் திரும்பாது.

அன்று காலை இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட். பிறகு 144க்கு 6. கேலரி அமைதியாகிவிட்டது. அப்போதுதான் அஸ்வின் இறங்கினார். பந்துவீச்சுக்காக அணியில் இருந்தவர், சொந்த ஊர் மைதானம். ஜடேஜாவோடு நின்று ஆடி, அன்றைய ஆட்டம் முடியும்போது 102 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்தியது. நாங்களும் கத்தினோம்.

எங்களோடு வந்த தம்பி ஒருவன் மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டான்: "பவுலரை இவ்வளவு நேரம் ஆட விட்டா ஆடத்தானே செய்வான்? நம்மள யாருண்ணே ஆட விட்டா?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அவனைப் போல வேகமாகப் பந்து போடுகிறவர்கள் குறைவு. பக்கத்து ஊர் ஒன்றில் டோர்னமென்ட் என்றால் ஊர்த்தெரு அணிக்காரர்கள் பைக் எடுத்துக்கொண்டு காலனிக்கே வந்து அவனைக் கூட்டிப்போவார்கள். முதல் ஓவர் அவனுக்கு. கடைசி ஓவரும் அவனுக்கு. மட்டையோ பதினோராவது ஆளாக, அதுவும் மேட்ச் அதுவரை போனால். போன வருடம் கோப்பை ஜெயித்த அன்று, அணிக்கு ஒரு வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. இவனுக்கு மட்டும் பார்சல் வந்தது. "வீட்ல போய் நிதானமா சாப்பிடு தம்பி" என்று அன்பாகத்தான் கொடுத்தார்கள். அந்த அன்பைத்தான் அவனால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அவனுக்கு ஒரு கதை சொன்னோம். விழுப்புரம் தாண்டும்வரை நீண்டது. அதை எழுதி வையுங்கள் என்று அவன் கேட்டான். அதனால் இங்கே எழுதுகிறோம்.

பல்வங்கர் பாலூ. 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். சமார் சாதி, அதாவது தோல் வேலை செய்ததற்காகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். அப்பா பூனாவில் ராணுவத்தைச் சார்ந்து வேலை பார்த்தவர். பாலூவுக்கு முதலில் கிடைத்த வேலை பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் பெருக்குவது, பிட்ச்சுக்கு ரோலர் இழுப்பது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார், சம்பளம் 4 ரூபாய் ஆனது. அங்கேயும் ரோலர் இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவதுதான் வேலை. இடைவேளையில் துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட வேண்டும். இடதுகை சுழற்பந்து. அந்தக் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் கிரெய்க், தன்னை ஒருமுறை அவுட் ஆக்கினால் எட்டணா என்று பாலூவுக்குச் சொல்லியிருந்தாராம். இது கதையாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் கதையில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். அத்தனை வருடம் மணிக்கணக்கில் பந்து போட்ட பாலூவின் கையில் அந்த கிளப்பில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எஜமானர் வேலை, பந்து போடுவது கூலி வேலை.

தம்பி இந்த இடத்தில் சிரித்தான். "நம்ம ஊரு மாதிரியேதான்."

பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு. வெள்ளைக்காரர்களுக்கே பந்து போட்டு அவர்களுடைய பலவீனமெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் ஆள் கண்ணெதிரே இருக்கிறார். சேர்க்கலாமா வேண்டாமா என்று பெரிய சர்ச்சை. கடைசியில் சேர்த்தார்கள். சேர்த்த விதம்தான் விஷயம். மைதானத்துக்குள் பாலூ தொட்ட பந்தை பார்ப்பனர்கள் தொட்டார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலூவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில். சாப்பாட்டுக்குத் தனித்தட்டு, தனி மேசை. முகம் கழுவத் தண்ணீர் ஊற்ற இன்னொரு தீண்டத்தகாத வேலைக்காரர்.

இரட்டைக் குவளை டீக்கடைகளுக்கு எதிராக நம் மாவட்டங்களில் எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு! அந்த இரண்டாவது குவளை டீக்கடையில் மட்டும் இருந்ததில்லை. கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. நாட்டுக்காக விக்கெட் எடுத்தவருக்கும் அதுதான்.

இதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புடையது. 1846இல் தொடங்கிய கிளப், வெள்ளையருக்கு மட்டும். அங்கே ஆட வந்த இந்தியர்கள் மதியச் சாப்பாட்டை மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது என்றும், அந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்றும் சென்னைக் கிரிக்கெட் வரலாறு பெருமையாகச் சொல்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். மரத்தடிச் சாப்பாட்டின் அவமானம் எங்களுக்குப் புரியும். வேறு யாரையும்விட நன்றாகவே புரியும். ஆனால் வெள்ளைக்காரன் மரத்தடியில் உட்கார வைத்தால் அது தேச அவமானம், பூனாவில் பாலூவை வெளியே நிற்க வைத்தால் அது சம்பிரதாயம். ஒரே பத்தாண்டுக்குள் இரண்டும் நடந்தன. முதலாவது கதை நினைவுக் கோப்பைகளாக வாழ்கிறது. புச்சிபாபு பெயரில் இன்றும் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது.

பூனாவில் பிளேக் வந்தபோது பாலூ பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை. பம்பாயின் இந்து ஜிம்கானாவில் அவருக்கும் அவருடைய தம்பி சிவராமுக்கும் இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவும் முடிந்தது. இது தானாக நடக்கவில்லை; விக்கெட்டுகள் நடத்தி வைத்தன. 1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் ஆட்டம். உறுப்பினராக ஒரு இந்தியனும் நுழைய முடியாத கிளப்பின் மைதானம் அது. அந்த மைதானத்தைச் சுற்றி இந்தியர்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். நூறு ரன்னுக்கு மேல் வித்தியாசத்தில் இந்துக்கள் ஜெயித்தார்கள். பாலூவுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 8 விக்கெட்.

அன்று அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவர்களை நாங்கள் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறோம். கத்தியவர்களில் எத்தனை பேர் வீட்டுத் திண்ணையில் பாலூவை உட்கார வைத்திருப்பார்கள்?

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. மகாராஜாவுக்கு விருந்துகளில்தான் கவனம். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பாலூ மட்டும் தோள்வலியோடு பந்து போட்டு 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் போட்டு அவரை வரவேற்றார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் என்று சொல்வார்கள். பீமராவ் அம்பேத்கர்.

இப்படிப்பட்ட ஆட்டக்காரரை இந்து அணிக்குக் கேப்டன் ஆக்கியிருக்க வேண்டாமா? ஆக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவரைவிடக் குறைந்த ஆட்டக்காரர் யாரோ ஒருவர், உயர்ந்த சாதிக்காரர், தலைமை ஏற்றார். 1920இல் பாலூவை அணியிலிருந்தே எடுத்தபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். சாதியைக் காரணமாக வைத்துத் தலைமையை மறுக்கிறீர்கள் என்று பகிரங்கமாகவே எழுதினார்கள். இந்திய விளையாட்டில் சாதியை எதிர்த்து நடந்த முதல் வேலைநிறுத்தங்களில் இதைத் தயங்காமல் சேர்க்கலாம். மூன்று வருடம் கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் கேப்டன் ஆனார். அந்த வருடம் கோப்பையும் வந்தது. பாலூவுக்கு அது கிடைக்கவே இல்லை.

கதை இத்தோடு முடிந்தால் நமக்குச் சுகமாக இருக்கும். ஆனால் தம்பியிடம் மீதியையும் சொன்னோம், உங்களிடமும் சொல்ல வேண்டும். 1932இல் தனித் தொகுதிப் பிரச்சினை வந்தபோது பாலூ அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. நம்மூர் எம்.சி. ராஜா டாக்டர் மூஞ்சேயோடு செய்துகொண்ட கூட்டுத் தொகுதி உடன்பாட்டை ஆதரித்தார். அந்தச் செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், ராஜா ஆகியோரோடு பாலூவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரைத் தோற்கடிக்க காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் யார் தெரியுமா? பாலூதான். அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலூவுக்கு 11,225. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மடல் எழுதி வரவேற்ற மாணவரை எதிர்த்து நின்றார் அவர்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ துரோகிதானே?"

நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். மண்குவளையிலிருந்து பீங்கானுக்கு வர பாலூவுக்கு ஏறத்தாழ பத்து வருடம் ஆனது. அதைத் திறமையால் வாங்கினார். ஆட்டம் திறந்துவிட்ட கதவு அரசியலிலும் திறக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். பந்து விழுந்து விழுந்து மனசு மாறும் என்று. அம்பேத்கர் அப்படி நம்பவில்லை; கேப்டன் பதவியைக் கேட்டுப் பெறுவதற்குப் பதிலாக அணியைத் தேர்வு செய்யும் அறைக்குள்ளேயே இடம் வேண்டும் என்றார். இதில் யார் சரி என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன்னைக் கைதட்டியவர்களை நம்பிய மனிதரைத் துரோகி என்று தள்ளிவிட எங்களுக்கு மனசு வரவில்லை. பாலூ 1955இல் இறந்தார்.

சேப்பாக்கத்தில் இன்னொன்று பார்த்தோம். மைதானத்தை ஒட்டிப் போகும் சாலையை எல்லோரும் பெல்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். பலகையில் இருக்கும் பெயர் பாபு ஜெகஜீவன்ராம் சாலை. இவரும் காங்கிரஸ்காரர்தான், அவரோடும் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு. ஆனால் ஆரா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தீண்டத்தகாதவருக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த பையன் அவர். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார். தலைமையாசிரியர் தனிப்பானை வைப்பதையே நிறுத்தினார். கிரிக்கெட் பார்க்க வருகிற ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம்.

மைதானத்துக்குள் நாங்கள் அதிகம் கவனித்தது இன்னொரு கூட்டத்தை. மதிய இடைவேளையில் வீரர்கள் உள்ளே போனதும் பிட்ச்சுக்கு ஆட்கள் வந்தார்கள். பெருக்கினார்கள், கோடு போட்டார்கள், ரோலர் ஓடியது. பாலூ 3 ரூபாய்க்குச் செய்த வேலை. யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். பிறகு கீழே போய் ஐந்து பேருக்கும் டீ வாங்கி வந்தான். எல்லாம் ஒரே மாதிரி பேப்பர் கப்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் பைக்கில் இருவர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச், வா என்றார்கள். வருகிறேன், மூன்றாவது ஆளாக இறக்குவீர்களா என்று தம்பி கேட்டான். பேசிட்டுச் சொல்றோம் என்று போனார்கள். இதை எழுதும்வரை சொல்லவில்லை. அவன் கண்மாயில் மட்டை பழகிக்கொண்டிருக்கிறான். நாங்கள் மாறி மாறி பந்து போடுகிறோம்.