நர்ஸம்மாவின் பட்டம்

கடைக்கு வரும் நம்மூர் நர்ஸம்மாக்கள், "டிப்ளமாவோட நின்னுட்டோமே ஐயா" என்று குறைப்படுவதுண்டு. அந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. அது புதிதாகச் சேரும் மாணவியருக்கானது. டிப்ளமா முடித்து வார்டில் நின்றவர்களுக்கு அல்ல. அவர்களுக்கென்று பிறகு வந்ததுதான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் யாரால் படிக்க முடியும்? பின்னர் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதைத் தொலைக்கல்வியில் கொண்டுவந்தது. வேலையும் தங்கியது, படிப்பும் நடந்தது. எம்.எஸ்சி.யில் சேரவோ பட்டத்தோடு ஓராண்டுப் பணியனுபவமும் தேவைப்பட்டது.

எங்கள் சமணம் சொல்லும் நான்கு தானங்களில் மருந்தும் உண்டு, கல்வியும் உண்டு. மருந்து கொடுக்கும் கைக்குப் புத்தகம் பிடிக்க நேரம் வேண்டாமா? வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது நாம் செய்யும் தானமாகட்டும்.