மாவுப் பீப்பாயும் ஒரு கையெழுத்தும்

குடிவழி வரைந்து வருமாறு நான்காம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னால், பெரும்பாலோர் தாத்தாவோடு நின்றுவிடுகின்றனர். “அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ஐயா” என்பதே வழக்கமான விடை. வீட்டுப் பழந்தாள்களைக் கொண்டு ஒரு முன்னோரைத் தேடுவது எப்படி என்பதற்கு நான் வகுப்பில் கூறும் எடுத்துக்காட்டு தொலைதூரத்தது. அவர் அமெரிக்க நடுமேற்குப் புல்வெளியில் உழுது பிழைத்த சார்லஸ் இங்கல்ஸ் (1836–1902).

இவருடைய மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர், தம் இளமையைச் சிறுவர் கதைத்தொடராக எழுதிப் புகழ்பெற்றவர். ஆகவே, மகள் சொன்ன கதையையும் தந்தை விட்டுச்சென்ற ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. எல்லாக் குடும்பங்களுக்கும் இது வாய்ப்பதில்லை.

1935இல் வெளிவந்த கதையில், குடும்பம் வண்டியேறிக் கான்சாசுக்குச் செல்லும்போதே தங்கை கேரி கைக்குழந்தையாக உடன் செல்கிறாள். ஆனால், அவள் பிறந்ததே அங்கேதான், 1870 ஆகஸ்டில். அக்காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தங்கள் விவிலிய நூலின் தனிப் பக்கங்களில் குறித்து வைப்பது வழக்கம். இங்கல்ஸ் குடும்ப விவிலியத்தில் கேரி பிறந்த இடம் கான்சாசின் மாண்ட்கோமரி மாவட்டம் என்றிருந்தது. லாராவே பின்னாளில் அந்த வீட்டைத் தேடி, இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து நாற்பது மைல் என்று தவறாக எண்ணி, ஓக்லஹோமா பக்கம் அலைந்து திரும்பினார். விவிலியத்தின் அந்த ஒரு வரியையும் 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேட்டையும் பற்றிக்கொண்டு, அவருடைய மறைவுக்குப் பின் ஆய்வாளர்கள் இடத்தைக் கண்டறிந்தனர். அது நகரிலிருந்து ஏறத்தாழ 13 மைல் தொலைவே! அன்று லாராவுக்கு அகவை மூன்று. மூன்று வயதுக் குழந்தையின் நினைவை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்?

அதே கணக்கேடு இன்னொன்றையும் காட்டுகிறது. நிலமதிப்புக்கான கட்டம் வெறுமையாக உள்ளது. ஏனெனில், அது ஓசேஜ் பழங்குடியினரின் நிலம். குடியேறியோர்க்கு அதில் உரிமையில்லை. உழைப்பாளியான நம் சார்லஸ் அங்கே பிறர் மண்ணில் வீடு கட்டியவர். குடிவழி தேடுவோர் இத்தகைய செய்திகளையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

என் மனத்தை மிகவும் தொட்ட தாள் வேறொன்று. 1874இல் குடும்பம் மின்னசோட்டாவில் குடியேறியது. வெட்டுக்கிளிக் கூட்டம் கோதுமையை அடியோடு அழித்தது. கதையில் தந்தை எவரிடமும் கையேந்தாமல், தொலைவூர்களுக்கு நடந்துசென்று அறுவடைக் கூலி ஈட்டி வருகிறார். ஆனால், 1875 நவம்பர் இறுதியில், தம்மிடம் பொருளேதும் இல்லை என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, இரண்டு அரைப்பீப்பாய் கோதுமை மாவை உதவியாகப் பெற்றிருக்கிறார். அதன் மதிப்பு 5 டாலர் 25 காசு. அம்மாதம் முதல் நாளில்தான் அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான்.

“அப்படியென்றால் லாரா பொய் சொன்னாரா, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தத் தாளைப் பற்றி எட்டு வயதுச் சிறுமிக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்திருந்தால், தந்தையின் மானத்தை மகள் காத்தாள் என்பதே என் எண்ணம். தாளோ அவ்வாறு எதையும் மறைப்பதில்லை. எனினும், அதைப் படித்தபின் சார்லஸ் மீது என் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

பிரெடி என்றழைக்கப்பட்ட அந்த மகன் ஒன்பது மாதமே வாழ்ந்து, 1876 ஆகஸ்ட் 27இல் இறந்தான். லாராவின் கதைத்தொடரில் அவன் பெயரே இல்லை. 1930இல் அவர் எழுதிவைத்து, 2014இல் அச்சேறிய தன்வரலாற்றில் மட்டும் அவன் இருக்கிறான்.