ஐ ஈட் ஆல்ரெடி

சிங்கப்பூரில் 1979 செப்டம்பரில் லீ குவான் யூ ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தபோது, பெரும்பாலான சீனக் குழந்தைகளுக்கு மாண்டரின் வீட்டுமொழியே இல்லை. வீட்டில் ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் என்று ஏதோ ஒன்று. அதே ஆண்டு வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கை, பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 85 விழுக்காட்டினர் ஆங்கிலம், மாண்டரின் இரண்டையுமே வீட்டில் பேசுவதில்லை என்றது. பாடத்திட்டம் ‘தாய்மொழி’ என்றது. தாய் அதைப் பேசவில்லை. அறிக்கை கண்ட வழி, பிள்ளைகளைத் தரம் பிரிப்பது. மூன்றாம் வகுப்பு முடிவில், ஒன்பது வயதில், தேறாதவர்களை ஒருமொழிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மொழி ஒரு சின்னத் தலைக்குள் குழம்பிவிடும் என்ற பயம் அறிஞர்களிடமும் இருந்தது. இத்தனைக்கும் 1913லேயே ழூல் ரோன்ஜா, பிரெஞ்சும் ஜெர்மனும் பேசி வளர்ந்த தன் மகனைக் கவனித்து, அப்படியொன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். ஆனாலும் 1978இல் வோல்ட்டெராவும் டாஷ்னரும், குழந்தை முதலில் ஒரே கலவை மொழியோடு தொடங்கிப் பிறகுதான் பிரித்துக்கொள்கிறது என்றார்கள். 1989இல் யூர்கன் மைசல் இதை மறுத்தார்: சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கும்போதே குழந்தைக்கு இரண்டு இலக்கணமும் தனித்தனி.

அப்படியானால் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஒரு பொடியன் “ஐ ஈட் ஆல்ரெடி” என்கிறானே, அது என்ன? மாண்டரின் வினைச்சொல் காலம் காட்டாது. வேலை முடிந்ததை, நிலைமை மாறியதைச் சொல்ல ‘ல’ என்ற ஓரெழுத்து போதும். அதை ஆங்கிலத்தில் தேடினால் ‘ஆல்ரெடி’ கிடைக்கிறது. நம்மவருக்கு விளக்கவே வேண்டாம், ‘சாப்பிட்டாச்சு’ என்பதில் வரும் ‘ஆச்சு’தான் அது. இதில் வேடிக்கை, இந்த ‘ஆல்ரெடி’ இயக்கத்துக்கு முந்தையது. ஹொக்கியனில் அதே வேலையைச் செய்யும் ‘லியாவ்’ என்ற சொல்லுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் துரத்தப்பட்ட மொழி, ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஹொக்கியனில் ஒரு வார்த்தை தெரியாத பையன் அதன் இலக்கணத்தைப் பேசுகிறான்.

இது குழப்பமில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஹாங்காங்கிலிருந்து வருகிறது. வர்ஜீனியா யிப், ஸ்டீபன் மேத்யூஸ் தம்பதியர் தங்கள் பிள்ளைகளையே பல வருஷம் பதிவுசெய்து 2007இல் நூலாக்கினார்கள். அங்கே மொழி கான்டனீஸ். ஆனால் இந்த விஷயத்தில் மாண்டரினும் அப்படியே. ‘அம்மா வாங்கின கார்’ என்பதுபோல விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்திலோ கார் முன்னால் வரவேண்டும். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை ‘அம்மா வாங்கின கார்’ வரிசையிலேயே அடுக்கினார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தை இந்தத் தப்பைச் செய்வதில்லை. கான்டனீஸ் வலுவாக இருந்த காலத்தில்தான் இது அதிகம் வந்தது. ஆங்கிலம் வளர வளரத் தானாகவே மறைந்தது.

2009 நவம்பரில், சீன மொழி மையம் ஒன்றின் திறப்பு விழாவில், லீ குவான் யூ தன் கொள்கை தொடக்கத்தில் தவறான பாதையில் போனதை ஒப்புக்கொண்டார். மொழித்திறனும் அறிவுக்கூர்மையும் ஒன்றென்று நம்பியதாகவும், நரம்பியல் மருத்துவரான மகள்தான் அது தவறென்று சொன்னதாகவும் சொன்னார். ஒருமொழிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அப்போது நாற்பது வயதை நெருங்கியிருக்கும்.

2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, மாண்டரின் 29.9. இப்போது சரக்கு எதிர்த்திசையில் போகிறது. மாண்டரினில் ‘பள்ளியில்’ என்பது வினைக்கு முன் வரவேண்டும், தமிழில் ‘பள்ளியில் சாப்பிட்டேன்’ என்பதைப்போல. இங்குள்ள குழந்தைகள் பலர் அதை ஆங்கிலப் பாணியில் வினைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு முன்னால் இழுத்து வைக்கிறார்கள்.