அவித்தும் கரையாத நார்: தொடுப்பிழையம் பற்றிய அறிவின் வளர்ச்சியும் கற்பிட்டிக் குடாநாட்டுக் கடலட்டையும்

நுரைச்சோலை என்றால் இன்று இலங்கையில் எவருக்கும் நினைவுக்கு வருவது நிலக்கரிதான். 2011இல் மின் தரத் தொடங்கி, பின்னர் 900 மெகாவாற்றாக விரிந்த லக்விஜய அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி அவ்வளவு உயரம். ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக வடக்கே கற்பிட்டி வரை நீளும் இந்தக் குடாநாட்டில் அதைவிட மிகப் பழைய தொழில் ஒன்று உண்டு. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்ததும் சுழியோடிகள் கடலட்டை எடுக்கப் போவார்கள். பிடித்ததை இங்கே யாரும் உண்பதில்லை. அவித்து, காயவைத்து, சீனர்கள் உண்ணும் நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அப்படி விலைபோவது பெரும்பாலும் தசையன்று, உறுப்புகளைப் பிணைத்துத் தாங்கும் தொடுப்பிழையம். உடலியல் நூல்கள் வெகுகாலம் ஒதுக்கிவைத்த அந்த இழையத்தைப் பற்றிய அறிவு எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தில் நம் பக்கத்துக் கரைகளுக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் பதப்படுத்தும் முறையைப் பார்ப்போம். வெள்ளை அட்டை என்னும் கடலட்டை இனத்தைக் கீறிக் குடலை நீக்கி அவிக்கிறார்கள். வெந்ததும் அது சுருங்கி இறுகும். பிறகு ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். மேற்தோல் அழுகித் தளர்ந்தபின் தோண்டியெடுத்து, சுண்ணாம்பு போன்ற வெண்படை போகும்வரை தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து வெயிலில் காயப்போடுவார்கள். தேய்த்துக் கழிக்கும் வெண்படையில் இருப்பவை தோலுக்குள் புதைந்த நுண்ணிய சுண்ணாம்பு முட்கள். அவற்றின் வடிவை நுணுக்குக்காட்டியில் பார்த்தே ஆய்வாளர் இனம் பிரிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது தடித்த உடற்சுவர். ஜப்பானியக் கடலட்டை ஒன்றின் உடற்சுவர்ப் புரதத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் எளிதில் கரையாத கொலாஜன் நார் என்று அளந்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய உடலியலாளர் இந்த இழையத்தைப் பொருட்படுத்தாமைக்குக் காரணம் கத்தி. தசையையும் நரம்பையும் தேடி அறுப்பவருக்கு இடையில் கிடக்கும் வெண்மையான சவ்வுகள் இடைஞ்சல். வழித்து எறிய வேண்டியவை. பாரிசில் சேவியர் பிஷா மட்டும் வேறுவிதமாகப் பார்த்தார். நுணுக்குக்காட்டியை நம்பாத அவர், அவித்தும் உலர்த்தியும் அழுகவிட்டும் அமிலத்தில் இட்டும் உடலை 21 இழையங்களாக வகுத்தார். 1801இல் அவருடைய பொது உடலமைப்பியல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 30 வயதில், இறந்துபோனார். அவர் கையாண்ட முறைகளுக்கும் கடலட்டை பதப்படுத்தும் கரையோர வாடிகளின் முறைகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. வெப்பத்துக்கும் அழுகலுக்கும் எது முதலில் விட்டுக்கொடுக்கிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பதைக் கொண்டுதான் இருவருமே பொருளைப் பிரித்தார்கள்.

1830இல் ஜெர்மனியின் யொஹான்னஸ் முல்லர் இந்த இழையத்துக்கு இன்றைய பெயரை அளித்தார். 1850களில் விர்ஹோ நார்களுக்கிடையே கிடக்கும் கலங்களைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் கலங்களின் காலம். 1878இல் போல் எர்லிக் தம் ஆய்வேட்டில், அனிலின் சாயங்களை ஏற்றுத் துகள்கள் பளிச்சிடும் மாஸ்ட் கலங்களை விவரித்தார். இன்று ஒவ்வாமை பற்றிய பேச்சில் முதலில் வருவன அவை. 1882இல் மெசினாவில் மெச்னிகோவ், நட்சத்திர மீனின் குடம்பிக்குள் முள்ளைச் செருகி, அலையும் கலங்கள் அதைச் சூழ்வதைக் கண்டார். பெருவிழுங்கிகள் பற்றிய அறிவின் தொடக்கம் அது. நட்சத்திர மீன் கடலட்டைக்கு உறவு; இரண்டும் முட்தோலிகள். எர்லிக்கும் மெச்னிகோவும் 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழில் இந்த உடலியல் புகுந்த இடம் மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கு மருத்துவம் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். கிரேயின் உடலமைப்பு நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872இல் அச்சேறியது. நாணும் இணையமும் கசியிழையமும் தமிழ் மாணவருக்கு முறையான பாடமாகிவிட்டன. அவற்றின் கொலாஜன் நார் உள்ளே எவ்வாறு அமைந்தது என்பதுதான் உலகில் எவருக்கும் தெரியாதிருந்தது.

அந்த விடை சென்னையில் கிடைத்தது. இழையவியல் வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆகவே சற்று நின்று பார்க்கவேண்டும். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்து, பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்ற கோ. நா. இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரானார். அங்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் அவிழாத முடிச்சு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பக்கத்திலேயே, 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்தவர்களுக்குக் கொலாஜன் என்பது அன்றாட வேலை. கங்காரு வாலின் நாணிலிருந்து கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தார்கள். 1955இல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றும் கயிறாகத் திருத்தினார்கள். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின். அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது. கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து றிச், கிறிக் ஆகியோர் சென்னை மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று மறுத்துத் தங்கள் திருத்தத்தை வெளியிட்டார்கள். ஐதரசன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்ற சச்சரவு பல காலம் நீண்டது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தக் கேள்வியே இராமச்சந்திரனை, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடத்துக்கு இட்டுச்சென்றது. புரத அமைப்பு எதையும் சரிபார்க்க இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். சென்னையின் முதல் மாதிரியில் குறை இருந்தது மெய்தான். அதனால் மும்முறுக்கு என்ற கண்டுபிடிப்பின் உரிமை கைமாறிவிடாது.

இந்த முறுக்கைக் கொண்டு வாடியில் நடப்பதை விளக்கலாம். சூடேறும்போது முறுக்கு அவிழ்கிறது. நார் நீளத்தில் குறுகித் தடிக்கிறது. மாட்டுத்தோலில் இது 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது நிகழும். குரோமியத்தால் பதனிட்டால் கொதிநீரையும் தாங்கும். பதனிடாத நாரை நெடுநேரம் அவித்தால் குறுக்குப் பிணைப்புகளும் அறுந்து ஜெலற்றினாகக் குழையும். ஆகவே எந்தக் கட்டத்தில் அடுப்பிலிருந்து இறக்குவது என்பது கைப்பழக்கத்தில் வரும் அறிவு.

முறுக்கு நிலைக்க வேறொன்றும் வேண்டும். நாரரும்பர்க் கலம் சங்கிலியைக் கட்டியபின் அதிலுள்ள புரோலினில் ஐதரொட்சில் சேர்க்கிறது. அதற்கு உயிர்ச்சத்து சீ தேவை. 1740களில் ஆங்கிலத் தளபதி அன்சனின் கப்பற்படையில், அந்தச் சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமி ஒருவருக்கு, 50 ஆண்டுகளுக்குமுன் போரில் பட்டு ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு கூறுகிறது. தழும்பு ஒருமுறை கட்டி முடிந்துவிடும் சுவரன்று. அங்கே கொலாஜன் ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டும்.

நம் பாடநூல்களோ மூன்று நார், நாலைந்து கலம் என்று அட்டவணை போட்டு மனனம் செய்ய வைக்கின்றன. கொலாஜன் இழுவை தாங்கும், மீள்தன்மை நார் நீண்டு திரும்பும், வலையுரு நார் மென்மையான உறுப்புகளுக்குச் சட்டமாகும், எல்லாம் சரி. ஆனால் இந்த இழையத்தில் பெரும்பகுதி கலங்களுக்கு வெளியே கிடக்கும் தாயம் என்பதும், அது சும்மா கிடப்பதில்லை என்பதும் அட்டவணையில் மறைந்துபோகின்றன.

தாயத்தின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டியவை முட்தோலிகள். 1967இல் ஜப்பானிய ஆய்வாளர் தகஹாஷி கடல்முள்ளெலியின் முள்ளடியில் தசையின்றியே இறுகும் இழையத்தை விவரித்தார். மொடொகாவா கடலட்டைத் தோலில் அதையே தொடர்ந்தார். கடலட்டையில் கொலாஜன் நுண்ணார்கள் நிரந்தரமாகப் பிணைந்தவை அல்ல. நரம்பின் கட்டளைப்படி கலங்கள் வெளியிடும் புரதங்கள் அவற்றை ஒட்டவும் விலக்கவும் செய்கின்றன. சில கணங்களில் உடல் விறைக்கும் அல்லது கூழாகும். நூலட்டையைச் சீண்டினால் பின்புறத்திலிருந்து வரும் ஒட்டும் வெள்ளை நூலும் கொலாஜன் கொண்டதே. 2008இல் அமெரிக்காவில் கபடோனா, கதிரவன் சண்முகநாதன் முதலியோர் இத்தோலைப் பின்பற்றி, நீர்பட்டால் இளகும் செயற்கைப் பொருளொன்றை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள்.

ஆக, ஆய்வுகூடங்களின் ஆர்வம் இழையத்தில். கரையின் கவலை உயிரினத்தில். 1988இல் தூத்துக்குடியில் டி. பி. ஜேம்ஸ் குழுவினர் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உலகில் முதன்முறையாகப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். 2001இல் இந்தியா கடலட்டை பிடிப்பதைத் தடைசெய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் தொடர்கிறது. இவ்விரு அக்கறைகளும் சந்திக்கக்கூடிய இடம் சுழியோடியின் படகுதான். சில இன அட்டைகள் நீரைவிட்டு வெளியே கிடந்தால் அடுப்புக்குப் போகுமுன்னே உருகிக் கெட்டுவிடும். பிடித்த உயிர் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. எந்த இனம், எவ்வளவு நேரத்தில், எந்த வெப்பநிலையில், என்ன அதிர்வில் இளகுகிறது என்று கற்பிட்டிக் கடலின் இனங்களை வைத்தே அளந்தால், அது இழையவியலுக்கும் உதவும், ஒரு நாளைக்கு எத்தனை அட்டை வீணாகிறது என்ற கணக்கையும் குறைக்கும்.