எழுவான்கரையிற் சமதர்ம ஆட்சி: புலம்பெயர்ந்தார் சாட்சியம்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பினை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அந்நாட்டு வழக்கு. எழுவான்கரையில், செட்டிபாளையத்துக்குத் தெற்கேயும் களுதாவளைக்கு வடக்கேயும் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலைத் தன்னகத்தே கொண்டது. வெற்றிலைக்கும் காய்கறிக்கும் பேர்பெற்றது. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தால் ஊர் இப்பெயர் பெற்றதென்பர். 1970 முதல் 1977 வரை இலங்கையில் நடைபெற்ற சமதர்ம ஆட்சியைப் பற்றிய செய்திகளோ இன்னும் கலங்கிய நீராகவே கிடக்கின்றன. அதனைத் தெளிவிக்கப் புகுவோன் முதலில் எதிர்கொள்வது புலம்பெயர்ந்தோர் சொல்லும் சாட்சியமாகும்.

அக்காலத்தைக் கண்டு பின்னர் இலண்டனிலோ தொறொன்ரோவிலோ குடியேறியோர் அதனை நினைவுகூரும் முறை பெரும்பாலும் ஒன்றே. விடியுமுன் பாணுக்காக நின்ற வரிசை, சங்கக்கடையில் 'முடிந்துவிட்டது' என்னும் சொல், சோற்றுக்குப் பதில் மரவள்ளியும் வற்றாளையும், பை அவிழ்த்துக் காட்ட நேர்ந்த சோதனைச் சாவடி என்பவை திரும்பத் திரும்ப வருகின்றன. சமதர்மம் என்றால் வரிசை என்பதே அவர்தம் முடிபு. இம்முடிபு பொய்யன்று, முழு உண்மையுமன்று.

புலம்பெயர்ந்தோர் சாட்சியம் வரலாற்றிற் புதியதன்று. எம்மா கோல்ட்மன் என்னும் பெண்மணி 1869இல் உருசியப் பேரரசிற் பிறந்து, 1885இல் அமெரிக்காவிற் குடியேறி, 1919இன் இறுதியில் அந்நாட்டரசால் நாடுகடத்தப்பட்டுப் புரட்சி உருசியாவுக்கு அனுப்பப்பட்டார். புரட்சியை வாழ்த்திச் சென்றவர், இரண்டாண்டு கழியுமுன் அந்நாட்டை விட்டு வெளியேறித் தம் ஏமாற்றத்தை 1923இல் நூலாக்கினார். தத்துவ வாதத்தினும் அன்றாடக் காட்சிகளே அந்நூலுக்கு வலிமை தருவன. சமத்துவம் பேசும் நகரில் உணவுப் பங்கீடு பல தரமாகப் பிரிக்கப்பட்டிருந்தமை, ஒரு சிறு பொருளுக்குப் பல அலுவலகங்களில் அனுமதி பெற நேர்ந்தமை முதலியன அவர் நெஞ்சை உறுத்தின. கொள்கை நூல் அரசனைப் பற்றிப் பேசும். அகன்று சென்றவன் அடுப்பைப் பற்றிப் பேசுவான். ஆதலின் அச்சாட்சியத்தைப் புறக்கணித்தல் தகாது. ஆயின், அடுப்பு எரியாமைக்குக் காரணம் விறகோ மழையோ என்பதை ஆராயாது அவன் தீர்ப்புக் கூறவும் கூடும்.

1970 மே மாதத் தேர்தலில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாசக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய முன்னணியாக நின்று பெருவெற்றி பெற்றன. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். 1935இற் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரும், இலண்டனில் ஹரல்ட் லஸ்கியிடம் பயின்றவருமான கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். இத்தேர்தலின் பெருவாக்குறுதி அரிசியே. 1966இன் இறுதியில் டட்லி சேனாநாயக்காவின் அரசு கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து, அதனை இலவசமாக்கியிருந்தது. இழந்த கொத்தை மீட்டுத் தருவோம் என்றே முன்னணி வாக்குக் கேட்டது. இரண்டாவது கொத்தை 75 சதத்துக்கு வழங்கவும் செய்தது.

அதன்பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1970 ஒற்றோபரில் 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டு, மாற்றிக்கொள்ளக் குறுகிய தவணை கொடுக்கப்பட்டது. 1971இல் நெற்சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கரும் ஏனைய காணிக்கு 50 ஏக்கரும் என உச்ச எல்லை வகுத்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, துணி முதலியவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டது அல்லது கடுமையாகக் குறைக்கப்பட்டது. சிறு கூட்டுறவுச் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றிணைக்கப்பட்டுப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாயின.

இவற்றுள் வாவிக்கரை வாழ்வை ஆழமாகத் தொட்டது நெல் பற்றிய கட்டுப்பாடே. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையோர் பலர். பட்டிருப்புப் பாலத்தாலும், குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் முதலிய துறைகளிலே தோணியாலும் நெல் கரைதாண்டி வருதல் தலைமுறை தலைமுறையான வழக்கம். போடியார் காணி கொடுப்பார். முல்லைக்காரர் உழைப்புக் கொடுப்பார். விளைந்த நெல் அவணக் கணக்கிலே களத்திற் பகிரப்படும். கோயிலுக்கும் வண்ணாருக்கும் அம்பட்டருக்கும் உரியது அங்கேயே அளந்து வைக்கப்படும். இம்முறை நீதியானதென்று எவரும் சாதிக்கத் தேவையில்லை; முல்லைக்காரர் கடனாளியாகவே ஆண்டை முடித்தது மிகுதி. ஆயினும் அது முகந்தெரிந்தவரிடைக் கணக்கு. நெற்சந்தைப்படுத்தும் சபை வந்தபின் சட்டப்படி கொள்வோர் ஒருவரே ஆயினர். அரிசியை அனுமதியின்றி ஓரிரு கொத்துக்கு மேல் கொண்டுசெல்லல் குற்றமாயிற்று. தெருக்களிற் சாவடிகள் எழுந்தன. மகள் வீட்டுக்குப் புத்தரிசி கொண்டுபோதல் மட்டக்களப்பில் ஓர் அன்புச் செயல். அச்செயலே சட்டத்தின் கண்ணிற் கடத்தலாயிற்று. புலம்பெயர்ந்தோர் மறக்காத அவமானம் இதுவே. பசியைப் பொறுத்தவர் பலர் இதனைப் பொறுக்கவில்லை; அவர்தம் குற்றச்சாட்டுகளுள் மிக வலியதும் இதுவே எனலாம்.

வரிசையைப் பற்றியும் ஒரு சொல். ஹங்கேரியப் பொருளியலறிஞர் யானோஸ் கோர்னாய் 1980இல் வெளியிட்ட நூலிற் பற்றாக்குறை என்பது இடையிடை வரும் விபத்தன்று, அம்முறையின் இயல்பே என்று காட்டினார். விலை உயரவேண்டிய இடத்தில் உயரவிடாது தடுத்தால் காத்திருக்கும் நேரமே விலையாகின்றது. அந்நேரத்தைச் செலுத்தியோர் பெரும்பாலும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுமாவர். பணமில்லாதவனுக்கு வரிசை ஓரளவு நீதி செய்தது; ஆனாற் சங்கக்கடை முகாமையாளரை அறிந்தவனுக்கு வரிசையே இல்லை. பணத்தின் ஆட்சி போன இடத்தில் அறிமுகத்தின் ஆட்சி வந்து அமர்ந்தது. கோல்ட்மன் கண்ட பல தரப் பங்கீட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமன்று.

இனி மறுபக்கம். 1973இலும் 1974இலும் உலகச் சந்தையில் அரிசியும் மாவும் சீனியும் வரலாறு காணாத விலைக்கு ஏறின, எண்ணெய் விலை சில மாதங்களுள் நான்கு மடங்காயிற்று, தேயிலைக்கோ அதற்கேற்ற விலை கிடைக்கவில்லை, வறட்சியும் சேர்ந்தது. எந்த ஆட்சியாயினும் அவ்வாண்டுகளில் மக்கள் வயிறு சுருங்கியே இருக்கும். 1973இன் பிற்பகுதியில் இலவச அரிசி பாதியாகக் குறைக்கப்பட்டது. நாட்டின் இறப்பு வீதம் 1973இல் ஆயிரத்துக்கு 7.7 ஆக இருந்து, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 9 ஆயிற்று. அவ்வுயர்வின் பெரும்பாரம் மலையகத் தோட்டத் தொழிலாளர்மீதே விழுந்தது. பிழைப்புத் தேடி வடக்குக் கிழக்கு ஊர்களுக்கு இறங்கி வந்தவர்கள் அவர்கள். வெளிநாட்டு வரவேற்பறையில் இருந்து பாண் வரிசையை நினைவுகூர்வோரின் பேச்சில் இவர்கள் இடம்பெறுவது அரிது. அக்காலத்தில் உண்மையில் மாண்டவர் பேச எஞ்சவில்லை. வரிசையில் நின்றவரே பேச எஞ்சினர்.

இறக்குமதித் தடை எல்லார்க்கும் இழப்பாகவும் இல்லை. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர் அவ்வாண்டுகளிற் கண்ட செல்வம் பலரும் அறிந்ததே. களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணல்நிலத்தில் கிணற்று நீர் இறைத்துப் பயிரிட்டவனுக்கும் தன் விளைபொருளுக்கு நல்ல விலை கேட்க அது வாய்ப்பளித்தது. மருதமுனை, காத்தான்குடித் தறிகள் ஓய்வின்றி இயங்கின. நெல்லின் உத்தரவாத விலை புசலுக்கு 14 ரூபாவிலிருந்து, எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் 33 ரூபாவாக உயர்ந்தது. வாழைச்சேனைக் காகித ஆலையும் ஹிங்குராணைச் சீனி ஆலையும் அரச முதலால் எழுந்து கிழக்கிலே தொழில் தந்தவையே. உத்தியோகத்தர் வீட்டுக்கு இருண்ட காலம், தோட்டக்காரன் வீட்டுக்குக் கல்வீடு கட்டிய காலமாக இருந்திருத்தல் கூடும். புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினர் பெரும்பாலும் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்பதை நினைந்தால், எந்த வீட்டின் குரல் கடல்கடந்து சென்றதென்பது புலனாகும்.

அவ்வெளியேற்றம் அரசையே கலங்கச் செய்தது. நாட்டைவிட்டு நீங்கத் தனி அனுமதி வேண்டுமென 1971இற் சட்டம் வந்தது. கற்றோர் வெளியேறுதல் பற்றி ஆராய்ந்த அமைச்சரவைக் குழு 1974இல் அறிக்கை தந்தது. இங்கே ஒரு முரண்பாடு உண்டு. வெளியேறியோரிற் பெரும்பாலார் 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியால் மேலெழுந்தோர். இலவச மருத்துவமனையிற் பிறந்தோர். சமதர்மம் தம்மை வரிசையில் நிறுத்தியதை அவர் மறக்கவில்லை. தம்மை மருத்துவராக்கிய செலவை யார் கொடுத்தார் என்பதை மறந்தோர் உண்டு. ஆயினும் தமிழ் மாணவர் வகையில் இவ்வாதத்தை அளவுக்கு மேல் நீட்டுதலும் நேர்மையாகாது. எழுபதுகளின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், கற்றுக்கொடுத்த அதே அரசு கதவை அடைப்பதாகவே அவர்க்குத் தோன்றியது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டத்தார் பயன்பெற்றனர் என்பதும் உண்மை. அதனால் யாழ்ப்பாணத்தான் சாட்சியமும் மட்டக்களப்பான் சாட்சியமும் இவ்விடத்தில் ஒன்றாதல் இயலாது.

1975 செப்டெம்பரிற் சமசமாசக் கட்சி ஆட்சியிலிருந்து நீங்கியது. 1977 சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றது. இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓரிடமும் கிடைத்திலது. கடைகள் நிறைந்தன. வெங்காயமும் துணியும் கப்பலில் வந்திறங்கத் தோட்டமும் தறியும் தளர்ந்தன. 1979இற் கூப்பன் அரிசி நின்று உணவு முத்திரை வந்தது. அதற்கு முன்னரே, 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி மட்டக்களப்புக் கரையின் தென்னைகளை வீழ்த்தியிருந்தது. விலைகளின் மாற்றத்தையும் புயலின் அழிவையும் பிரித்துக் கணக்கிடுதல் இப்பகுதியில் எளிதன்று. வரிசை ஒரு கொள்கைக்கே உரியதென்னும் கருத்தும் 2022இல் ஆட்டங் கண்டது; அந்நியச் செலாவணி வற்றிய அவ்வாண்டில், திறந்த சந்தையுடைய அதே நாட்டில், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் நின்றனர்.

எழுவான்கரையிலிருந்து பெருந்தொகையினர் கடல்கடந்தது பாண் வரிசையாலன்று. 1983க்குப் பின் எழுந்த போராலும் 1990இன் கொடுமைகளாலுமே. கடைகள் நிறைந்திருந்த காலத்திலேதான் அவர்கள் ஓடினர். அவர்கள் கையிற் கொண்டுசென்ற கடவுச்சீட்டின்மேல், சந்தையைத் திறந்துவிட்ட அரசே 1978ஆம் ஆண்டு யாப்பில் நாட்டுக்குச் சூட்டிய பெயர் பொறிக்கப்பட்டிருந்தது: இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு.